வலப்பக்கத்துப் பால்

நெய்வேலியில் என்னை டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை. 'கரண்ட் வைக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டால், தோளைத் தூக்க முடியாவிட்டால், போய்க் கொஞ்ச நாள் கரண்ட் வைத்துக்கொண்டு வா என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லி என்னிடம் அனுப்புவார்கள். பிசியோதெரபி என்று பலகையில் பெரிய எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதை நின்று படித்துவிட்டு உள்ளே வந்து, இங்கேதானே மசாஜ் பண்ணுவார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் நல்லவிதமாகப் பேசியதாக ஞாபகம் இல்லை.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள். முதுகு, கழுத்து, முழங்கால். இந்த மூன்றை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தாயும் பிள்ளையும் பாலும் லேடி டாக்டரின் ராஜ்யம். அங்கே நான் எட்டிப் பார்த்ததில்லை, பார்க்க எனக்கு ஆசையும் இருந்ததில்லை. மண் தள்ளும் டோசர் ஓட்டுகிற ஒருவர் கழுத்து வலி என்று வந்து படுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். டோசரைப் பின்னால் எடுக்கும்போது எப்போதும் ஒரே தோள் வழியாகத் திரும்பிப் பார்த்துப் பார்த்து, கழுத்து அந்தப் பக்கமே இறுகிப் போயிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து அப்படியே என்னிடம் வந்துவிடுவார். ஒத்தடம் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பிப்பார். தூக்கமும் பேச்சுமாக, பாதி வார்த்தை தலையணைக்குள் போய்விடும். அன்றைக்கு அவர் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது.

வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து மாதம் ஒன்று தாண்டியிருந்தது. பையன். அம்மாவிடம் இடப்பக்கத்தில் மட்டும்தான் பால் குடிக்கிறான். வலப்பக்கம் மாற்றினால் போதும், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டு அழுகிறான். அந்தப் பக்கம் பால் கட்டிக் கல்லாகி, காய்ச்சல் வந்து, லேடி டாக்டர் மருந்து கொடுத்துப் பீய்ச்சி எடுக்கச் சொல்லியிருக்கிறார். பீய்ச்சப் பீய்ச்ச அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் அவருடைய அக்கா, ஒரு பக்கப் பாலில் பிள்ளை எப்படித் தேறும், டப்பாப் பாலுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். அடுத்த அமாவாசை கழிந்ததும் அக்கா ஊருக்குத் திரும்ப வேண்டும். கிளம்புவதற்குள் பிள்ளையைப் புட்டியில் பழக்கிவிட்டுப் போனால்தான் தனக்கு நிம்மதி என்று டப்பாவை வாங்கி அலமாரியிலும் வைத்தாகிவிட்டது.

"எம் பொண்டாட்டி அழுதுகினே கீறா சார்," என்றார். "பெரியவளுக்கும் இப்டித்தான் ஆச்சு. அப்பவே டப்பாப் பாலு. அவளுக்குப் பால் கிடையாதுன்னு எங்க ஜனம் மொத்தமும் பேசிப்புடுச்சு. இந்தத் தபாவாவது குடுத்துப்புடணும்னு இருந்தா."

பெரியவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அத்தனை வருஷமாக அவர் மனைவியின் மேல் 'பால் இல்லாதவள்' என்ற பேர் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருத்தி அதைக் கேட்டுவிடுவாளாம்.

எனக்கு ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றியது. குழந்தை படுத்திருக்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறது?

அவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எப்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்குமாம், அப்பா எப்போது ஷிஃப்ட் முடிந்து வருவார் என்று தேடுவதாக அக்கா சொல்லுமாம்.

"அது உங்களத் தேடல. கழுத்து அந்தப் பக்கம்தான் போகுது, இந்தப் பக்கம் வரல," என்றேன்.

மனிதர் வாடிப்போய்விட்டார். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்த வித்தை வராது.

முதலில் குழந்தை டாக்டரிடம் காட்டி எலும்பு, இடுப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னேன். எலும்பில் குறை இல்லை, தசை இறுக்கம்தான், பிசியோதெரபி பாருங்கள் என்று அவரும் சொல்லி அனுப்பினார். ஆனால் தலை நிற்காத பிள்ளையை என் கிளினிக்குக்குத் தினமும் தூக்கிக்கொண்டு அலைய அக்கா சம்மதிக்கவில்லை. நான்தான் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

நைட் ஷிஃப்ட் ஆள் இருக்கிற வீட்டுக்குப் பகலில் போனவர்களுக்குத் தெரியும், அது தனி உலகம். காலிங் பெல்லைக் கழற்றி வைத்திருப்பார்கள். குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்து அடுப்பை அணைப்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே படுக்கையறையின் ஜன்னலில் அட்டையை வைத்து ஆணியடித்து, அதன் மேல் பழைய போர்வையும் போட்டிருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. ஒருவர் தூங்க வேண்டும் என்று வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா கதவைத் திறந்தார். என்னைவிட இரண்டொரு வயது கூடுதலாக இருக்கும். நல்ல உயரம். கண்ணிலேயே எடை போட்டார்.

"உரம் வுழுந்திருக்கு சார். நான் சொன்னா அந்த டாக்டரு சிரிக்கிறாரு. ரெண்டு தரம் எடுத்தாச்சு, நிக்கல."

கைக்குழந்தை ஏடாகூடமாகப் படுத்தாலோ, தலையைத் தாங்காமல் யாராவது தூக்கினாலோ கழுத்திலும் முதுகிலும் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் உரம் விழுந்தது என்பார்கள். பிள்ளை சிணுங்கும், பால் குடிக்காது. உடனே ஒரு பழைய புடவையை விரித்துப் பிள்ளையை அதில் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். அதற்கு உரம் எடுப்பது என்று பேர். அந்தப் புடவை உருட்டல் கைக்குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து. ஆனால் அந்த வார்த்தையைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டால் பிள்ளை பால் குடிக்காது என்பது அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவமனையில் கழுத்துக்கு ஓர் அறை, பாலுக்கு ஓர் அறை என்று பிரித்து வைத்திருக்கிறோம். நானும் அந்த மாதிரி ஓர் அறைக்குள் உட்கார்ந்திருப்பவன்தான்.

கூடத்திலேயே உட்கார்ந்து குழந்தையை என் மடியில் கிடத்தி, இடப்பக்கக் காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற தசையை விரல் நுனியால் தடவினேன். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. தலை இடப்பக்கம் சாய்ந்து, முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. இடப்பக்கம் திருப்பப் பார்த்தால் பாதியிலேயே நின்றது. அம்மாவின் வலப்பக்கத்து மார்பில் பால் குடிக்க, மடியில் மல்லாந்து கிடக்கிற பிள்ளை இடப்பக்கம்தான் திரும்பியாக வேண்டும். அவனால் அது முடியவில்லை. அழுகிறான். இவ்வளவுதான் விஷயம்.

"நீங்க சொன்னது சரிங்க. உரம்தான்," என்றேன்.

அக்கா சண்டைக்குத் தயாராக நின்றவர். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். இது ஒரே நாளில் உருட்டி எடுக்கிற உரம் இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுக்கிற உரம், அதனால் புடவையில் மட்டும் இனிமேல் போடவே கூடாது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எடுக்கத் தெரிந்தவர் சொன்னால் சரிதான் என்றார். நோயாளி வீட்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

குழந்தையின் அம்மாவுக்குத் தசையை நீட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கை தோளை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கை தலையை மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். பிள்ளை எதிர்த்தால் விட்டுவிட வேண்டும், மல்லுக்கட்டக் கூடாது. அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நான் பேசப் பேசத் தலையைத் தலையை ஆட்டினாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கை சட்டென்று பிடித்துக்கொண்டது, இரண்டாம் தரமே சரியாகச் செய்தாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அறைக்குள் எட்டிப் பிள்ளை படுக்கும் கட்டிலைப் பார்த்தேன். பிள்ளையின் வலப்பக்கம் வாசல், இடப்பக்கம் அட்டை அடித்த ஜன்னல். வெளிச்சம், ஆள் நடமாட்டம், சத்தம் எல்லாம் வலப்பக்கமே. எந்தப் பிள்ளையும் இருட்டை ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது? தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் படுக்க வைத்தால் வாசல் இடப்பக்கம் வந்துவிடும் என்றேன்.

அம்மா, அக்கா இரண்டு பேரின் முகமும் ஒரே சமயத்தில் மாறியது. அப்படி மாற்றினால் தலை வடக்கே போய்விடும்.

வடக்காவது தெற்காவது, கழுத்து கோணலாக நின்றுபோனால் எந்தத் திசை வந்து நிமிர்த்தும் என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் புரண்டு படுத்தார். அக்கா சத்தம் போடவில்லை. "பச்சக் கொயந்த சார். வடக்க வெக்க மாட்டோம்," என்று மட்டும் சொன்னார். நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்கூட்டரில் வரும்போது வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். பேசப் பேச, வடக்கே எந்த அம்மாவும் வைக்கத் துணிய மாட்டாள், கேட்டதே வீண் என்றும் தோன்றியது.

வேறு வழி ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குத்தான் தயக்கம். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் இடப்பக்கம் வந்துவிடும். ஆனால் அந்த இருட்டு ஆடம்பரத்துக்கு வைத்திருந்த இருட்டு இல்லை. ராத்திரி முழுக்கச் சுரங்கப் பள்ளத்துக்குள் டோசர் ஓட்டுகிற ஆள் பகலில் தூங்காமல் போனால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி ஒருநாளும் கேட்க மாட்டாள். அக்கா கேட்கவே விடமாட்டார். மறுநாள் அவர் ஒத்தடத்துக்கு வந்து படுத்தபோது நானே சொன்னேன். அவர் கண்ணை மூடியபடியே கிடந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனால், அறையில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. அட்டை இல்லை, போர்வை இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் தரையில் பாயில், கண்ணைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சின் மேல் பிள்ளை குப்புறக் கிடந்தான். பக்கத்திலேயே அம்மா ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குப்புறப் போட்டுப் பழக்கினால் கழுத்து பலப்படும், பக்கத்தில் விழித்திருக்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று நான் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பத் திணறிக்கொண்டிருந்தான். முழுசாக வரவில்லை, ஆனால் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிவிட்டான். எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், தலைக்கு எண்ணெய் அதிகம் வைக்கிறீர்கள், கை வழுக்குகிறது என்று குறை சொன்னேன்.

அவரைக் கூடத்தில் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த காரியத்துக்கு வந்தேன். கழுத்து சரியாக மாதக்கணக்கில் ஆகும். அமாவாசை அதுவரை காத்திருக்காது. இருக்கிற கழுத்தை வைத்துக்கொண்டே வலப்பக்கம் குடிக்க ஒரு வழி பண்ண வேண்டும். அதற்கு அவள் எப்படி உட்காருகிறாள், எப்படிப் பிடிக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். அங்கேதான் முட்டிக்கொண்டது. நான் ஆம்பளை.

லேடி டாக்டரிடம் இருக்கும் நர்ஸ் ஒருவரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அவர் வந்து போகத் தோதுப்படவில்லை. கடைசியில், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன், அக்கா எனக்குப் பதிலாகப் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். அக்கா தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையசைத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எனக்கு நேரே ஒரு தினசரி காலண்டர். அந்த வருஷத்தின் ராகு காலம், எமகண்டம் எல்லாம் எனக்கு அந்த வீட்டில்தான் மனப்பாடம் ஆனது.

ஒரு துண்டைப் பிள்ளை அளவுக்குச் சுருட்டி, சுவரைப் பார்த்தபடியே செய்து காட்டினேன். மடியில் குறுக்கே போட வேண்டாம். வலது கக்கத்துக்கடியில் இடுக்கிக்கொள், கால் இரண்டும் உன் முதுகுப் பக்கம் போகட்டும், தலை உன் உள்ளங்கையில் இருக்கட்டும். இப்படிப் பிடித்தால் அவன் தனக்கு எளிதாக வரும் வலப்பக்கமே திரும்பினால் போதும்.

"ரேஷன் பைய இடுக்கிகினு போற மாரியா?" என்றார் அக்கா. ஆமாம், அப்படியேதான் என்றேன். அவள் சிரித்த சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

குனிந்து குனிந்து கொடுத்ததில் அவள் முதுகும் மணிக்கட்டும் போயிருந்தன. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கைக்கு ஒரு தலையணை. நீ பிள்ளையிடம் குனியாதே, பிள்ளையை உன்னிடம் கொண்டு வா. இவ்வளவு நாளாகச் சுரங்கத்து முதுகுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாடம்தான். அக்கா பின்னாலிருந்து நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார். வாயை நன்றாகத் திறக்கிறான், மூக்கு முட்டுகிறது, இப்போது சரி, பிடித்துவிட்டான், ஐயோ விட்டுவிட்டான்.

அன்றைக்குப் பிடிப்பதும் விடுவதுமாகத்தான் போனது. கடைசியில் அழுது களைத்துத் தூங்கிவிட்டான். அக்கா எழுந்து போய் அலமாரியைத் திறந்த சத்தம் கேட்டது. மூடிய சத்தமும் கேட்டது. எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, அமாவாசைவரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் பிள்ளையைக் காயப்போட மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னார். அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் எடை ஏறுகிறதா என்று குழந்தை டாக்டரிடம் விடாமல் காட்டச் சொன்னேன். எடை நின்றால் டப்பாப் பால்தான், அப்போது நானே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன் என்று அம்மாவிடமும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பட்ட பாட்டை நான் தூரத்திலிருந்துதான் கேட்டேன். ஒத்தடத்துக்கு வருகிறபோதெல்லாம் அவர் சொல்வார். இன்றைக்குக் கொஞ்சம் குடித்தான். இன்றைக்குக் கிட்டேயே வரவில்லை. எடை பரவாயில்லை. அவர் கண் சிவந்திருந்தது, துண்டு கட்டிக்கொண்டு வருகிற தூக்கம் அரைத் தூக்கம்தான். பழகிவிடும் சார் என்பார். எனக்கும் அந்த வீட்டு நினைப்பாகவே இருந்தது. வேறு யாருக்கோ கரண்ட் வைத்துக்கொண்டே அந்தப் பெண்ணின் வலப்பக்கத்துப் பாலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றால் வெளியே சொல்லவா முடியும்?

அக்கா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் அவர் பை கட்டி வைத்திருந்தது. வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாறி வேலைக்குப் போயிருந்தார். பெரியவள் பள்ளிக்கூடத்தில். நான் கேட்காமலேயே நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

போய் உட்கார்ந்தேன். பின்னால் தலையணை நகர்த்துகிற சத்தம். பிள்ளை ஒரு தரம் சிணுங்கினான். அப்புறம் வெறும் சப்பல். வேகமாக, மேலோட்டமாக, சப்புச் சப்பென்று. இது பால் வராத சப்பல் என்று எனக்குத் தெரியும். அக்காவின் நிலவர அறிக்கையை எதிர்பார்த்தேன், அவர் வாயே திறக்கவில்லை. சப்பல் நின்றது. விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது விழுங்குகிற சத்தம் கேட்டது. தொண்டைக்குள் ஒரு சின்ன 'க்ளக்'. இழுக்கிறான், விழுங்குகிறான், மூச்சு விடுகிறான். மறுபடி இழுக்கிறான். சரியாக ஓடுகிற யந்திரத்தின் சத்தம் மாதிரி அது ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வலப்பக்கந்தான்," என்றார் அக்கா.

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. திரும்ப முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

பிறகு அவள் கேட்டாள். அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"சார், பெரியவளும் ஒரு பக்கந்தான் குடிப்பா. இன்னொரு பக்கம் வெச்சா இப்டியே கத்துவா. அவளுக்கும் கழுத்துதானா?"

அந்தப் பிள்ளையை அப்போது நான் பார்த்ததில்லை. இப்போது அவள் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, எத்தனையோ பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் அவள் ஆறுதலடைவாள். ஆனால் அது எனக்குத் தெரியாத விஷயம். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாதும்மா என்றேன்.

பிள்ளை விழுங்கிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் பொறுத்து, யாரைக் கேட்கிறாள் என்று தெரியாத மெல்லிய குரலில் கேட்டாள்.

"அப்ப எனக்குப் பால் இருந்திருக்கும்ல?"

எனக்குப் பின்னால் அக்கா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது தெரிந்தது.

"இருந்துச்சுடி," என்றார். "ரவிக்க, பொடவ எல்லாம் நனைஞ்சிகினு நிப்பியே. நான்தான தோச்சுப் போட்டேன். தோச்சுப் போட்டுகினே பால் இல்லன்னு சொன்னதும் நான்தான்."